கப்பல் ஏறும் சரக்கும் நம் வீட்டுச் சம்பளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் பத்திரம், போட்டவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் திருவொற்றியூரில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறேன். ஐ.டி.ஐ. முடித்தவர்கள், பி.காம். படிக்கிறவர்கள், கம்பெனி வேலைக்குப் போய்விட்டு வார லீவில் வருகிறவர்கள் என்று பலரும் வருவார்கள். உலக வர்த்தகம், வேலை, நாட்டின் முன்னேற்றம் என்று பேச்சு போகும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

உலக வர்த்தகம் பெரிய முதலாளிகள் விஷயம். சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

இந்த ஊர் உண்டானதே துணி வியாபாரத்துக்காகத்தான். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வந்து இடம் பிடித்தது. இந்தப் பக்கம் நல்ல துணி மலிவாகக் கிடைத்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். துணியை வெளுத்துக் கொடுக்க வந்தவர்கள் குடியேறிய இடம் வண்ணாரப்பேட்டை. 1734-ல் நெசவாளிகளைக் கொண்டுவந்து குடிவைத்த இடம் சின்னத் தறிப்பேட்டை, அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. நம் கட்டம் போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. நைஜீரியாவின் கலாபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று சொல்லி, பிறப்பு, இறப்புச் சடங்குகளுக்கெல்லாம் எடுத்து வைத்திருப்பார்கள்.

சரி, அவ்வளவு துணி போனதே, நெசவாளி வீடு செழித்ததா? கம்பெனியும் தரகர்களும் முன்பணம் கொடுத்தே அவரைக் கட்டிப்போட்டார்கள். விலை சொல்லும் உரிமை அவர் கையில் இல்லை. பிறகு இங்கிலாந்து மில் துணி வந்து இறங்கியபோது முதலில் அடிபட்டதும் அவர்தான். வர்த்தகம் நடப்பது ஒரு விஷயம், அதில் வேலை செய்தவருக்குப் பங்கு போய்ச் சேருவது இன்னொரு விஷயம். இரண்டாவதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கீழே வரும் பதில்கள் எல்லாம் அதைச் சுற்றியே இருக்கும்.

ஒரு கன்டெய்னர் பெட்டி கப்பல் ஏறினால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்?

எண்ணிக்கை சொல்ல முடியாது. ஒரு பெட்டியின் பின்னாலேயே நடந்து பார்த்தால் புரியும். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காரின் பிரேக் பாகங்களை நாற்பதடி பெட்டியில் ஏற்றுகிறார்கள் என்று வையுங்கள். பாகத்தை வார்த்தவர், கடைந்தவர், அளந்து பார்த்தவர், அட்டைப்பெட்டி செய்தவர், மரப் பேலட் அடித்தவர், டிரெய்லர் ஓட்டுபவர், எங்களைப் போல ஷிப்பிங் பில் போடுபவர், சி.எஃப்.எஸ்.ஸில் (துறைமுகத்துக்கு வெளியே பெட்டிகளைக் கையாளும் கிடங்கு) சீல் பார்ப்பவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். இவர்களுக்கு டீ போடுகிறவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் எர்ணாவூர் பக்கம் வண்டிக்கு அடியில் நிழலில் ஸ்டவ் பற்றவைத்து ஒரு டிரைவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். விழுப்புரத்துக்காரர். டிரிப் கணக்கில்தான் அவருக்குக் காசு. "வண்டி நின்னா எனக்கு ஒண்ணும் கிடையாது சார், டோக்கன் வாங்கி ஒன்றரை நாள் ஆச்சு" என்றார். அந்தப் பெட்டிக்குள் இருந்த சரக்குக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. காத்திருக்கும் அந்த ஒன்றரை நாளுக்கு அவருக்கு யாரும் கூலி போடவில்லை. துறைமுகச் சாலையைச் சரிசெய்வது, வாசலில் கணினி முறையைச் சீராக்குவது எல்லாம் ஏற்றுமதியாளர் நலனுக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. அந்த டிரைவர் மாதத்துக்கு நாலு டிரிப் கூடுதலாக அடிப்பார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கன்டெய்னர் வந்து வேலைகளை அழிக்கவும் செய்தது. 1956-ல் அமெரிக்காவில் 58 பெட்டிகளோடு முதல் கன்டெய்னர் கப்பல் ஓடியது. சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். அதற்கு முன்பு மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து ஏற்றியவர்கள் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வேலை இல்லை. வேறு வேலை கிடைத்த வீடுகள் தப்பித்தன.

ஏற்றுமதி ஏறினால் வேலையும் தானாக ஏறும் இல்லையா?

எந்தச் சரக்கு என்பதைப் பொறுத்தது. மணலியில் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கிற ஆலையில் பணம் நிறைய புரளும், ஒரு ஷிஃப்டுக்கு ஆள் குறைவு. அதே அளவு பணத்துக்குத் திருப்பூரில் பனியன் தைத்தால் பல மடங்கு கைகள் வேண்டும்.

மின்னணுப் பொருட்கள் இரண்டுக்கும் நடுவில். தமிழ்நாட்டிலிருந்து அவற்றின் ஏற்றுமதி 2023-24-ல் சுமார் 956 கோடி டாலர், 2024-25-ல் சுமார் 1,465 கோடி டாலர். நாட்டிலேயே முதலிடம். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த டாலர் முழுவதும் இங்கே தங்குவதில்லை. சிப்பும் திரையும் வெளியிலிருந்து வருகின்றன, அவற்றுக்கு நாம் டாலரில் கொடுக்கிறோம். 2009-ல் சீனாவில் பூட்டிய ஐபோனைப் பிரித்துக் கணக்குப் போட்ட ஆய்வு ஒன்று உண்டு. உற்பத்திச் செலவு சுமார் 179 டாலர், அதில் சீனாவில் பூட்டிய வேலைக்குச் சேர்ந்தது 6.50 டாலர். மற்றதெல்லாம் ஜப்பான், ஜெர்மனி, கொரியா, அமெரிக்கா என்று பாகம் செய்தவர்களுக்குப் போனது.

அவ்வளவு சொற்பக் காசுக்கா எல்லா நாடுகளும் அசெம்ப்ளி வேலைக்கு அடித்துக்கொள்கின்றன?

ஆமாம், அடித்துக்கொள்வதில் நியாயமும் இருக்கிறது. தென் கொரியா 1960-களில் சவுரி முடியும் பிளைவுட்டும் துணியும் ஏற்றுமதி செய்த ஏழை நாடு. அங்கே ஆரம்பித்து எஃகு, கப்பல், கார், சிப் என்று ஏறினார்கள். வியட்நாம் 1986-ல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, 2007-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்து, துணியிலும் செருப்பிலும் தொடங்கி இப்போது செல்போன் வரை வந்துவிட்டது. அசெம்ப்ளி முதல் படி. அதிலேயே நின்றுவிட்டால்தான் ஆபத்து.

நம் ஊரில் இரண்டாம் படியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் சான்ட்ரோவைக் கொண்டுவந்தபோது கொரியாவிலிருந்து அதற்குப் பாகம் கொடுக்கும் கம்பெனிகளும் கூடவே வந்தன. கொஞ்ச நாளில் அம்பத்தூர், திருமுடிவாக்கம், கிண்டி பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க் வர ஆரம்பித்தது. ஜிக் செய், ஃபிக்ஸர் செய் (பாகத்தை அசையாமல் பிடிக்கும் கருவிகள்), டை (அச்சு) திருத்திக் கொடு என்று சின்னச் சின்ன ஆர்டர்கள். கிண்டி தொழிற்பேட்டை 1958-லேயே வந்துவிட்டதால் லேத் பிடிக்கத் தெரிந்த கைகள் இங்கே இருந்தன. இந்தக் கருவிகளைச் செய்யும் டூல் ரூமில் பத்து வருடம் இருந்த ஒருவருக்குத் தெரிந்த வேலை, கம்பெனி மாறினாலும் அவரோடுதான் இருக்கும். லைனில் நின்று ஒரே ஸ்க்ரூவை மட்டும் முடுக்கியவருக்கு அப்படிச் சேமிப்பு எதுவும் கிடையாது. அரசாங்கம் ஒரு கம்பெனிக்கு நிலமும் சலுகையும் கொடுக்கும்போது "எத்தனை ஆயிரம் வேலை" என்று கேட்பதோடு நிற்காமல், "பாகம் எங்கே வாங்குவீர்கள், யாருக்கு என்ன கற்றுக்கொடுப்பீர்கள்" என்றும் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பெண்களுக்கு இதில் உண்மையிலேயே முன்னேற்றம் இருக்கிறதா?

இருக்கிறது, விலையும் இருக்கிறது. இந்தியாவில் பதிவான தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இது சின்ன விஷயமில்லை.

என் அக்கா பேத்தி சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். விடியற்காலை நாலே முக்காலுக்கு விடுதி வாசலில் கம்பெனி பஸ். தலை ஈரம் காயாமல் பின்னிக்கொண்டு, டிபன் பாக்ஸில் முந்தைய இரவுச் சப்பாத்தி. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, ஏனென்றால் கண்ணாடியில் தலை சாய்த்து நாற்பது நிமிடம் தூங்கலாம். எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் அவள் பெயரில் உள்ள கணக்கில் ஏறுகிறது. தம்பியின் பாலிடெக்னிக் ஃபீஸை அவள் கட்டினாள். கல்யாணப் பேச்சு வந்தபோது "இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்" என்று அவள் சொன்னது வீட்டில் எடுபட்டது. அவள் அம்மாவின் காலத்தில் அந்த வார்த்தைக்கு மதிப்பே இருந்திருக்காது.

விலை என்று சொன்னேனே, அதையும் கேளுங்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு விடுதிச் சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தது. மற்றப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உலகம் முழுவதும் செய்தியானது. அவர்கள் சம்பளம் உயர்த்தச் சொல்லி உட்காரவில்லை. ஒழுங்கான சோறும் படுக்க இடமும் கேட்டார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் கட்டித் திறந்தது. அந்தப் பெண்கள் ரோட்டுக்கு வந்திராவிட்டால் விடுதியைப் பற்றி இவ்வளவு பேர் யோசித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

வங்காளதேசத்தை நினைத்துப் பாருங்கள். ஆயத்த ஆடை அங்கே சுமார் 40 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது, பெரும்பாலும் பெண்கள். 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. உள்ளே போக மாட்டோம் என்றவர்களையும் உள்ளே அனுப்பினார்கள். வேலை வந்தால் போதும், மற்றது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது பேசினால் எனக்கு அந்த விரிசல்தான் ஞாபகம் வரும்.

கம்பெனிக்காரன் ஒருநாள் மூட்டை கட்டிவிட்டால்?

கட்டியிருக்கிறார்கள். நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பர் 1-ம் தேதி நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை விடுவதாக அறிவித்தது. மறைமலைநகரில் அது காலைக் காபியோடு வந்த இடி.

நோக்கியா இருந்த இடத்தைச் சில வருடம் கழித்து, செல்போன் சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி வாங்கி, மறுபடி அங்கே வேலை நடக்கிறது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. நடுவில் போன வருடங்களில் இ.எம்.ஐ. கட்டியவருக்கு அது உதவவில்லை. ஆட்குறைப்பு நடக்கும்போது கைக்கு வரும் ஈட்டுத்தொகை, அடுத்த வேலைக்கான பயிற்சி, அதுவரை வீட்டில் அடுப்பெரிய ஒரு ஆதரவு, இவை மூன்றும் இல்லாமல் சந்தையைத் திறந்துவிடுவது நியாயமில்லை.

அமெரிக்கா வரி போட்டால் அதை யார் கட்டுகிறார்கள்? நாமா?

சட்டப்படி கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர். நடைமுறையில் அவர் உடனே இங்கே போன் போட்டு விலையைக் குறைக்கச் சொல்வார். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மேல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது அதுதான் நடந்தது. திருப்பூர் பனியன், ஆம்பூர் ஷூ, கடலோர இறால் பண்ணை எல்லாம் ஒரே நேரத்தில் ஆடிப்போயின. லாபம் ஐந்தோ எட்டோ சதவீதம் உள்ள தொழிலில் பாதிச் சுமையைக்கூட முதலாளியால் தாங்க முடியாது. முதலில் நிற்பது ஓ.டி. (கூடுதல் நேர வேலை), அடுத்து காண்ட்ராக்ட் ஆள், அடுத்து ஷிஃப்ட். ஒரே நாட்டை நம்பி ஆர்டர் எடுக்காதே என்று எங்கள் ஆபீஸில் பெரியவர் ஒருவர் முப்பது வருடத்துக்கு முன்பே பார்ட்டிகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

உலக வர்த்தக அமைப்பு இதையெல்லாம் கேட்காதா?

1995 ஜனவரி 1-ல் வந்தது, இப்போது 166 உறுப்பினர்கள். வழக்கு போடலாம். ஆனால் மேல்முறையீட்டைக் கேட்கும் அமர்வு 2019 டிசம்பர் முதல் முடங்கிக் கிடக்கிறது, புது உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால். பெரிய நாட்டுக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. விதி என்று ஒன்று இருந்தால்தான் சின்ன நாடு சமமாக உட்கார்ந்து பேச முடியும்.

'பகிர்ந்த வளம்' என்கிறார்களே, அதை எப்படி அளப்பது?

உலக வங்கி 2013-ல் ஒரு அளவுகோல் வைத்தது: ஒரு நாட்டில் அடிமட்டத்தில் இருக்கும் 40 சதவீத மக்களின் வருமானம் எவ்வளவு வளர்கிறது என்று பார்ப்பது. நல்ல அளவுகோல். சராசரி வருமானம் என்று சொன்னால் பணக்காரர்கள் இருக்கும் போட் கிளப் பங்களாவையும் ஏழைகளைக் குடியமர்த்திய கண்ணகி நகர் வீட்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடுவார்கள்.

உலகக் கணக்கில் நல்ல செய்தியும் உண்டு. 1990-ல் உலக மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கடும் வறுமையில் இருந்தார்கள். 2019-க்குள் அது சுமார் பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. சீனா, வியட்நாம் போன்ற நாடுகளில் ஏற்றுமதி கொடுத்த வேலைக்கு அதில் பெரிய பங்கு.

ஆனால் பங்கு தானாக வந்து சேராது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. கூட நின்றார். ஆலை நிர்வாகம் வாடியா மேல் வழக்குப் போட்டது. அந்த விவகாரம் கடைசியில் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வரை போனது. நூறு வருடம் கழித்து, 2024-ல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியக் கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். அதைப் பதிவு செய்யவே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. சங்கம் வந்தால் முதலீடு ஓடிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: கொரியாவிலும் ஜெர்மனியிலும் சங்கம் இருக்கிறதே, அங்கே ஆலை இல்லையா?

வட மாநில ஆட்கள் வந்ததால் நம் பிள்ளைகளுக்கு வேலை போகிறதே?

பாரிமுனையில் பர்மா பஜார் இருக்கிறது. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த நம் ஆட்கள் கடை போட்ட இடம். இலங்கைத் தேயிலைக்கும் மலேயா ரப்பருக்கும் போனவர்களும் நாம்தான். வந்தவர் மேல் கோபப்படுவதற்கு முன், அதே வேலைக்கு அவருக்குக் குறைந்த கூலி கொடுக்கும் காண்ட்ராக்டரைக் கேளுங்கள். இருவருக்கும் ஒரே கூலி என்றால் இந்தப் பிரச்சினை பாதி அடங்கும்.

ஆறும் குளமும் கெட்டுப்போனால் என்ன ஏற்றுமதி?

சரியான கேள்வி. பாலாற்றங்கரையில் தோல் பதனிட்ட கழிவு, நிலத்தடி நீரையும் வயலையும் கெடுத்தது. வேலூர் மக்கள் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. அந்த ஷூ எந்த நாட்டுக் கடையில் விற்றாலும் கிணற்றுத் தண்ணீருக்கான விலை அதன் சீட்டில் இல்லை. எங்கள் எண்ணூர்க் கழிமுகத்தில் வலை போடுகிறவர்களைக் கேளுங்கள், சாம்பலையும் எண்ணெயையும் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

ஐ.டி.ஐ. முடித்துவிட்டேன், கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். என்ன பார்த்துச் சேர வேண்டும்?

சம்பளத்தை மட்டும் பார்க்காதே தம்பி. வேலை நியமன ஆர்டரில் கம்பெனி பெயர் இருக்கிறதா, காண்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா பார். சம்பளச் சீட்டு கேட்டு வாங்கு. பி.எஃப்.புக்கு உன் யு.ஏ.என். நம்பர் (கம்பெனி மாறினாலும் மாறாத உன் கணக்கு எண்) வேண்டும், உன் பங்கு 12 சதவீதம் பிடித்தால் அவர்கள் பங்கும் ஏறுகிறதா என்று போனில் பாஸ்புக்கைப் பார். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு. உன்னிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், அவர்கள் 3.25 சதவீதம் போட வேண்டும். அம்மா அப்பாவுக்கு வைத்தியம் அதில் அடங்கலாம், மறக்காமல் அவர்கள் பெயரையும் சேர். அப்புறம், லைனைவிட டூல் ரூமோ மெயின்டனன்ஸோ கிடைத்தால் ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தாலும் அங்கே போ.

எங்களுடையது சின்னப் பட்டறை. நேரடியாக ஏற்றுமதி செய்ய முடியுமா?

முடியும். முதலில் ஐ.ஈ.சி. நம்பர், அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவருக்கான அடையாள எண், எடுக்க வேண்டும். பான் கார்டை வைத்து ஆன்லைனிலேயே 500 ரூபாய்க் கட்டணத்தில் கிடைக்கும். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை உறுதிசெய்யாவிட்டால் முடங்கிவிடும், பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். பிறகு வெளிநாட்டுப் பணம் வந்து சேரும் பேங்கில் அதற்கான ஏ.டி. கோடு வாங்க வேண்டும். அனுப்பும் நாட்டோடு நமக்கு வர்த்தக ஒப்பந்தம் இருந்தால் பொருள் இங்கே செய்தது என்பதற்கான சான்றிதழை மறக்காமல் எடுங்கள். அது இல்லாததால் வரிச் சலுகையைக் கோட்டைவிட்ட சிறு ஏற்றுமதியாளர்கள் ஏராளம். நீங்கள் உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்திருந்தால், உள்ளூரில் உங்களிடம் வாங்கும் பெரிய கம்பெனி 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். பில்லைத் தைரியமாகக் கேளுங்கள்.

புது பார்ட்டிக்குக் கடனில் அனுப்பும் முன், வாங்கியவர் பணம் தராவிட்டால் கைகொடுக்கும் ஈ.சி.ஜி.சி. காப்பீடு எடுங்கள். அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் பித்தளை ஃபிட்டிங் செய்கிறவர். முதல் பெட்டியைக் காப்பீடு இல்லாமல் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பி, பாதிப் பணம் வராமல் மனைவியின் நகையை அடகு வைத்தார். இரண்டாவது முறை காப்பீடு எடுத்து, பாதி முன்பணம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார். இப்போது வருடத்துக்கு ஆறு, ஏழு பெட்டி போகிறது. பட்டறையில் பன்னிரண்டு பேர். போன வருடம் பத்தாவது ஆளைச் சேர்த்த அன்றே ஈ.எஸ்.ஐ.க்கு என்ன படிவம் நிரப்ப வேண்டும் என்று எனக்குப் போன் செய்தார்.